அம்மாவுக்கு இது ரெண்டாவது கப்பல்

ஓம் சரவணபவ.



போன வெள்ளிக்கிழமை பூஜையிலும் ஞாயிறு அன்னதானத்திலும் எங்க குடும்பத்தைக் காணோமேன்னு நிறைய பேர் வாட்ஸ்அப்ல கேட்டிருந்தீங்க. யாருக்கும் உடம்புக்கு ஒன்னும் இல்ல. நாங்க அஞ்சு பேரும் கப்பல் ஏறிட்டோம்! ஒவ்வொருத்தருக்கா பதில் எழுத முடியல, அதனால முதல் நாள் கதையை இங்கயே எழுதுறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க. வயசான அப்பா அம்மாவைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவியா இருக்கும்.

சிங்கப்பூர்ல வேலை செய்யற எங்க மூத்த மகதான் டிக்கெட் எடுத்தா. பாட்டிக்கு 81 வயசு ஆச்சு, அதுக்கு இது அன்பளிப்பாம். மூணு ராத்திரி பயணம். சிங்கப்பூர்ல ஏறி, போர்ட் கிள்ளான், அப்புறம் பினாங்கு, மறுபடியும் சிங்கப்பூர். இதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் சிரிச்சாரு. "கூலிம்ல இருந்து பினாங்குக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதுக்கு எழுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்க் கப்பல் ஏறணுமா?"

மகள் சொன்ன பதில் இதுதான்: "பாட்டி பினாங்குக்குக் கப்பல்லதானே வந்தாங்க. இன்னொரு தடவை அப்படியே வந்து இறங்கட்டும்."

உண்மைதான். அம்மா 1952-ல, எட்டு வயசுல, நாகப்பட்டினத்துல இருந்து ரஜூலா கப்பல்ல வந்தவங்க. தாத்தா அதுக்கு முன்னாடியே வந்து கெடாவுல ஒரு தோட்டத்துல பால்வெட்டு வேலையில இருந்தாரு. அவர் கூப்பிட்டுத்தான் பாட்டியும் அம்மாவும் வந்தாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச கதை இவ்வளவுதான்.

முதல்ல அம்மா ஒத்துக்கவே இல்ல. "ஒரு தடவை ஏறினது போதும்யா. நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க. கடல் ஒத்துக்காது, வாந்தி வரும்னு பயப்படறாங்கன்னு நாங்க நினைச்சோம். கடைசியில பேத்தி போன்ல கெஞ்சிக் கேட்டதுக்கு அப்புறம்தான் சரின்னாங்க. சரின்னு சொன்ன கையோட, "பாப்பா, செராங்கூன் ரோட்ல எனக்கு ரெண்டு முழம் மல்லி வாங்கி வை"ன்னாங்க. சாமிக்குன்னுதான் நினைச்சோம்.

வியாழக்கிழமை வேலை முடிஞ்சு, ராத்திரி எட்டு மணிக்குக் காடியை எடுத்தோம். வயசானவங்களோட போறதால ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினோம். தாப்பா ஆர்.என்.ஆர்-ல தே தாரேக், மாச்சாப்ல முகம் கழுவல். ஜொகூர் பாருவுல அக்கா வீட்டுல காடியை விட்டுட்டு, குளிச்சு, இட்லி சாப்பிட்டுட்டு, எல்லை தாண்டினோம். வெள்ளிக்கிழமை காலையில அங்க நெரிசல் எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம். ஒரு விஷயம்: சிங்கப்பூருக்குள்ள போக மூணு நாளுக்குள்ள எஸ்.ஜி. அரைவல் கார்ட் ஆன்லைன்ல நிரப்பணும். அதுக்குக் காசு கிடையாது. காசு கேட்கற வெப்சைட் எதுலயும் நிரப்பாதீங்க.

உட்லண்ட்ஸ்ல இருந்து டாக்சி எடுத்தோம். சாமான் குறைவா இருந்தா எம்.ஆர்.டி-யே போதும். உட்லண்ட்ஸ்ல ஏறினா அதே சிவப்பு லைன்ல கடைசி ஸ்டேஷன் மரீனா சவுத் பியர். அங்கிருந்து கப்பல் நிலையத்துக்கு நடந்தே போயிடலாம். மகள் பூவோட அங்க காத்துக்கிட்டு இருந்தா.

முதல் தடவை அந்தக் கப்பலைப் பாத்தப்ப எங்க பையன் வாயடைச்சுப் போயிட்டான். கட்டடம் மாதிரி நிக்குது. ஒன்றரை லட்சம் டன்னாம். போன்ல தேடிப் பாத்து, "பாட்டி, நீங்க வந்த ரஜூலா 8,478 டன்தான்"னு சொன்னான். 1926-ல கட்டின கப்பல் அது. ஆரம்பத்துல ஐயாயிரத்துக்கும் மேல டெக் பயணிகளை ஏத்த அனுமதி இருந்துச்சாம். இந்தப் பெரிய கப்பல்ல ஏறுறதே சுமார் மூவாயிரம் பேருதான். இவ்வளவு பெருசுல இவ்வளவு பேரு, அவ்வளவு சின்னதுல அவ்வளவு பேரு. பேக்டரில ஒரு லைனுக்கு எத்தனை பேரு நிக்கலாம்னு தினமும் கணக்குப் போடற எங்களுக்கே அந்தக் கணக்கு மனசுல நிக்க மாட்டேங்குது.

ஏறுறதுக்கு முன்னாடி பெரிய பெட்டிகளை டேக் கட்டி ஒப்படைச்சிடணும். அது சாயங்காலம்தான் ரூமுக்கு வரும். அதனால மருந்து, பாஸ்போர்ட், மாத்துத் துணி ஒரு செட் கைப்பையில இருக்கட்டும். கப்பல்ல கொண்டு போகக் கூடாத சாமான்னு ஒரு பட்டியல் தருவாங்க. அயர்ன், ரைஸ் குக்கர், கெட்டில், மெழுகுவத்தி, ஊதுபத்தி எதுவும் ஆகாது. கற்பூரமும் விளக்கும் ஏத்த முடியாது. இதை மகள் முன்னாடியே படிச்சுச் சொல்லிட்டா. வீட்டுலயே அம்மா பெட்டியில இருந்து எல்லாத்தையும் எடுத்து வச்சோம். சாயங்காலம் விளக்கு ஏத்தாம அம்மா இருந்த நாளே இல்ல. முகம் சுண்டிப் போச்சு. ஆனா காரணம் இருக்கு. நடுக்கடல்ல தீப்பிடிச்சா ஓட இடம் கிடையாது. ரஜூலாவுக்கு அப்புறம் ஓடின எம்.வி. சிதம்பரம் கப்பல் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1985 பிப்ரவரியில அதுல தீப்பிடிச்சுப் பல உயிர் போச்சு. தமிழ்நாட்டுக்கும் இங்கயும் ஓடின அந்தப் பயணிகள் கப்பல் சேவையும் அதோட நின்னுச்சு.

உள்ள போனதும் முதல் வேலை சாப்பாடு இல்ல, பாதுகாப்புப் பயிற்சி. ஆபத்து வந்தா எங்க கூடணும்னு நம்ம ரூம் கார்டுல எழுதியிருக்கும். அந்த இடத்துக்குப் போய்க் கார்டைக் காட்டணும். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டா உடனே அங்க வரணும். லைப் ஜாக்கெட்டை எப்படிப் போடறதுன்னும் காட்டினாங்க. பேக்டரில பயர் டிரில் நடத்தற ஆளுங்க நாங்க, அதனால கவனமா நின்னோம். சில பேரு செல்பி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. 2012 ஜனவரியில இத்தாலியில கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில மோதி 32 பேர் இறந்தாங்க. அன்னிக்குப் புதுசா ஏறின பல நூறு பேருக்குப் பயிற்சி கொடுக்கறதுக்கு முன்னாடியே விபத்து நடந்துடுச்சு. அதுக்கு அப்புறம்தான் கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயிற்சி கொடுத்தே ஆகணும்னு விதி வந்துச்சு.

அம்மா அந்த லைப் ஜாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. "எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லலையா. பாயை விரிச்சு இடத்தைப் பிடிங்கன்னுதான் சொன்னாங்க."

வெள்ளிக்கிழமை நாங்க சைவம். டிக்கெட் எடுக்கும்போதே சைவம்னு மகள் எழுதிட்டதால பிரச்சினை இல்ல. சப்பாத்தி, பருப்பு, சோறு, காய்கறி, தயிர் எல்லாம் தனியா இருந்துச்சு. பரிமாறின பையன் தமிழ்! தூத்துக்குடி பக்கமாம். அம்மாவைப் பாத்ததும், "பாட்டி, உக்காருங்க, நான் கொண்டு வரேன்"ன்னு தட்டை வாங்கிக்கிட்டாரு. ஏறி அஞ்சு மாசம் ஆச்சாம். ஊர்ல கைக்குழந்தை, இன்னும் போன்லதான் பாக்கறாராம். அம்மா சாப்பிடாம அந்தப் பையன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "குழந்தைக்கு எத்தனை மாசம்?"னு கேட்டாங்க. "நாலு மாசம் பாட்டி."

சாயங்காலம் கப்பல் கிளம்பற நேரம், மேல் தளத்துல ஒரே பாட்டும் ஆட்டமும். அம்மா சத்தம் இல்லாத பக்கமா போகணும்னாங்க. பின்பக்கம் ஒரு மூலையில போய் நின்னோம். கரை மெல்ல விலகிப் போகுது. சிங்கப்பூர் கட்டடங்கள் எல்லாம் சின்னதாகுது. தெற்குப் பக்கம் தீவுங்க தெரிஞ்சுது. அதுல ஒன்னு செயின்ட் ஜான்ஸ் தீவுன்னு மகள் காட்டினா. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களையும் சீனர்களையும் ஊருக்குள்ள விடறதுக்கு முன்னாடி நோய்க்காகத் தடுத்து வச்ச தீவு. பினாங்குல வந்தவங்களுக்கு ஜெரெஜாக் தீவு இருந்துச்சு.

அப்பதான் அம்மா பையில இருந்து மல்லிப்பூவை எடுத்தாங்க. கம்பிப் பக்கமா கையை நீட்டினாங்க. பையன் பதறிட்டான். "பாட்டி, கடல்ல எதுவும் போடக் கூடாது, சட்டம் இருக்கு." அம்மா கையை இழுத்துக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கடலைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்யா. பதினோரு மாசம்."

எங்களுக்கு ஒன்னும் புரியல.

"நாகப்பட்டினத்துல படகுல போய்த்தான் கப்பல் ஏறணும். கப்பல் தூரத்துல நிக்கும். எங்கம்மா இடுப்புல அவன், கையில நான். ரெண்டாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். டாக்டர் வந்து மருந்து கொடுத்தாரு. நாலாம் நாள் ராத்திரி போயிட்டான். விடியறதுக்கு முன்னாடி வெள்ளைத் துணியில சுத்திக் கடல்ல விட்டாங்க. நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டாங்க. நான் தூங்கல. எந்த இடம்னு தெரியாதுல்ல, எல்லாம் தண்ணிதான். அதான் எங்க போட்டாலும் ஒன்னுதான்னு பூ கொண்டு வந்தேன்."

பினாங்குத் துறைமுகத்துல மூணு பேர் வருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்த தாத்தா, ரெண்டு பேரைத்தான் கண்டாராம். அன்னிக்கு அவர் ஒரு வார்த்தையும் கேட்கலயாம். அதுக்கு அப்புறம் வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசினதே இல்லயாம்.

ஐம்பது வயசைத் தாண்டி, அந்தக் கப்பல்ல நின்னுதான் எங்களுக்கு ஒரு தாய்மாமன் இருந்தாருன்னு தெரிஞ்சுக்கிட்டோம். எங்க காதுகுத்துக்குத் தாய்மாமன் இல்லாம தாத்தா மடியில உக்கார வச்சாங்க. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சிருந்தோம். அம்மா அந்தக் குழந்தையோட பேரை ஒரு தடவை, கொஞ்சம் சத்தமா, கடலைப் பாத்துச் சொன்னாங்க. அந்தப் பேரை இங்க எழுதல, அம்மா வேணாம்னுட்டாங்க.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனப்பவும் அம்மா கையில அந்தப் பூ இருந்துச்சு. தூத்துக்குடித் தம்பி அதைப் பாத்தாரு. ஒன்னும் கேட்கல. ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல தண்ணி ஊத்திக் கொண்டு வந்து வச்சு, "இதுல போட்டா வாடாது பாட்டி, ரூமுக்கு எடுத்துட்டுப் போங்க"ன்னு சொன்னாரு. ரூம்ல விளக்கு வைக்க வேண்டிய நேரத்துக்கு அம்மா அந்தக் கிண்ணத்தை மேசையில வச்சு, பூவை உதிர்த்துத் தண்ணியில போட்டாங்க. விபூதி எடுத்து எங்க எல்லாருக்கும் பூசி விட்டாங்க. கொஞ்ச நேரத்துலயே தூங்கிட்டாங்க. அவங்களுக்கு வாந்தியும் இல்ல, தலைசுத்தலும் இல்ல. அதெல்லாம் எங்க வீட்டம்மாவுக்குத்தான்! இஞ்சி மிட்டாய் ஒரு பாக்கெட் தீர்ந்து போச்சு.

அன்பர்களே, கப்பல்ல நீச்சல் குளம், ஷோ எல்லாம் இருக்கு. பையன் எல்லாத்தையும் அனுபவிச்சான். சந்தோஷம்தான். ஆனா நாங்க உங்ககிட்ட சொல்ல வந்தது வேற. நம்ம கோயில்ல தூணோரம் உக்காந்திருக்கற பாட்டி தாத்தா பல பேரு கப்பல்ல வந்தவங்க, இல்லன்னா கப்பல்ல வந்தவங்க பிள்ளைங்க. எந்தக் கப்பல், எந்த வருஷம், எங்க ஏறினாங்க, எங்க இறங்கினாங்கன்னு இன்னிக்கே கேளுங்க. கேட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க. பழைய பாஸ்போர்ட், பெர்மிட் இருந்தா தூக்கிப் போடாதீங்க. "எத்தனை பேரு கிளம்புனீங்க?"ன்னும் கேளுங்க. நாங்க அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்ல.

வர்ற அமாவாசைக்குக் கோயில்ல மோட்ச தீபம் ஒன்னு ஏத்தணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. குருக்கள் ஐயாகிட்ட பேசிட்டோம். எழுபது வருஷத்துக்கு மேல ஆகி, அந்தக் குழந்தைக்கு இதுதான் முதல் விளக்கு. அன்னிக்குச் சாயங்காலம் முடிஞ்சவங்க வாங்க. உங்க குடும்பத்துலயும் கடல்ல விட்டுட்டு வந்தவங்க இருந்தா, அவங்க பேரையும் மனசுல சொல்லிக்குங்க. சுண்டலும் பானகமும் எங்க வீட்டு உபயம்.

பினாங்குல இறங்கின கதையை அடுத்த பதிவுல எழுதறோம்.

முருகன் துணை.