பின்னச்சுக்கு எத்தனை பற்கள்?



பள்ளி மலருக்குக் கடல் கடந்து வாழும் முன்னாள் மாணவி ஒருத்தி எழுதுகிறாள் என்றால், பனிக்காலத்தைப் பற்றியோ, அங்கே முருங்கைக்காய் என்ன விலை என்பது பற்றியோ எழுதுவாள் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதப்போவது ஒரு பழைய மோட்டார் காரின் பின்னச்சைப் பற்றி. முகம் சுளிக்க வேண்டாம். விகிதக் கணக்குப் படித்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும். அதற்கு மேல் வேண்டியது கொஞ்சம் பொறுமையும், கையில் மை ஒட்டினால் அழாத மனமும்தான்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் நாங்கள் குடியிருக்கிறோம். 2017-ல் என் கணவர் தம் நெடுநாள் ஆசைப்படி ஒரு எம்.ஜி.பி. காரை வாங்கினார். ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட வண்டி அது. எங்களுடையது 1972-ஆம் ஆண்டுப் பிறவி, கூரை மூடிய ஜி.டி. வகை. முதலில் இருந்த 1798 சி.சி. எஞ்சினை முந்தைய சொந்தக்காரர் குடைந்து பெரிதாக்கி, வேறு கேம் ஷாஃப்டும் போட்டிருந்தார். அதனால் அந்த எஞ்சின் 3000 சுற்றுக்கு மேலே சிங்கம், 2500-க்குக் கீழே சோம்பேறி. இந்தக் குணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொன்னது அதுதான்.

வண்டியின் குறை அதன் இரைச்சல். இந்நாட்டு நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர் வரை போகலாம். அந்த வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 4200 சுற்றுக்கு மேல் சுற்றியது. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். 2019-ல் பழைய நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஃபோர்டு சியரா காரில் வந்த ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தினோம். கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. ஆனால் அந்த அமைதியில்தான் பின்பக்கத்திலிருந்து ஓர் ஊளை கேட்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் பின்னச்சைத் திறந்து பார்த்து, “பினியன் பல் அரித்துவிட்டது. ஓடும், இன்னும் ஒரு வருஷம் ஓடும்,” என்றார்.

அதே சமயத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. என் கணவருக்கு இரண்டு கண்களிலும் கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையின் ஓரங்களை அரிக்கும் நோய், தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். இந்நாட்டில் இரு கண்களிலும் அது இருந்தால் லைசென்சு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பார்வைப் பரப்பைச் சோதித்து, ஓட்டலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். முதல் சோதனையில் அவர் தேறினார். அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று எவரும் உறுதி சொல்லவில்லை. ஆகவே, எந்தப் பின்னச்சு என்ற கேள்வி எங்கள் வீட்டில் வெறும் இயந்திரக் கேள்வியாக இல்லை. இன்னும் சில கோடைகள் அவர் ஓட்டுவார். அதன்பின் ஓட்டப்போவது நான். ஒரு முறைதான் செலவு செய்ய முடியும்.

சரி, பின்னச்சு என்ன செய்கிறது? உங்கள் சைக்கிளைப் பாருங்கள். பெடல் பக்கம் பெரிய பல்சக்கரம், பின்னால் சிறியது. ஒரு மிதிக்குச் சக்கரம் பல சுற்று ஓடும். காரில் இது தலைகீழ். எஞ்சினிலிருந்து நீளமாக வரும் ஷாஃப்டின் நுனியில் பினியன் என்ற சிறு பல்சக்கரம்; அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது; கிரவுன்தான் பின்சக்கரங்களைச் சுழற்றுவது. எங்கள் வண்டியில் பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 43. நாற்பத்து மூன்றைப் பதினொன்றால் வகுத்தால் 3.909. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஷாஃப்ட் கிட்டத்தட்ட நாலு சுற்றுச் சுற்ற வேண்டும்.

இந்த எண் பெரிதானால் இழுவை மிகும், எஞ்சின் அதிகம் கத்தும். சிறிதானால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், இழுவை குறையும். மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று. பின்னச்சை மாற்றினால் ஐந்து கியர்களும் ஒருசேர மாறிவிடும் என்பதுதான் இதில் சிக்கல். ஐந்தாம் கியருக்கு நல்லது செய்கிறேன் என்று போய் முதல் கியரைக் கெடுத்துக்கொள்ளலாம்.

பதினொன்றும் நாற்பத்து மூன்றும் ஏன்? பன்னிரண்டும் நாற்பத்தெட்டும் என்று வைத்தால் நாலு என்று ஒழுங்காக வருமே என்று எனக்குத் தோன்றியது. நம் கணக்குச் சிஸ்டர் மீச்சிறு பொது மடங்கைக் கற்பித்தபோது, “இது எதற்குப் பயன்படும்?” என்று பின்பெஞ்சிலிருந்து முணுமுணுத்தவர்கள் உண்டு. அதற்கு விடை ஒரு காரின் வயிற்றுக்குள் இருக்கிறது! நாற்பத்து மூன்று பகா எண். அதற்கும் பதினொன்றுக்கும் பொதுக் காரணி இல்லை. ஆகவே பினியனின் ஒரு பல், கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் சந்தித்த பிறகே முதலில் சந்தித்த பல்லிடம் திரும்பி வரும். ஒரு பல்லில் சிறு கரடு இருந்தால் அது ஒரே இடத்தைக் குத்திக்கொண்டிராது. தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்காகிவிடும். 12-ம் 48-ம் என்றால் அதே நாலு பற்களோடுதான் காலமெல்லாம் உரசல்.

எம்.ஜி. குடும்பத்திலேயே வேறு பின்னச்சுகளும் உண்டு. 1973 முதல் 1976 வரை வந்த வி8 எஞ்சின் வண்டிக்கு 3.07, அதாவது 43-க்கு 14. அதற்கு முன் 1967 முதல் 1969 வரை ஆறு சிலிண்டரோடு வந்த எம்.ஜி.சி.யில் 3.07, 3.307, 3.7 என்று மூன்று விதம் இருந்தன. என் கணவர் 3.07-ஐப் பிடித்துக்கொண்டார். “வி8-க்குப் போட்டதுன்னா சும்மாவா? எழுபது மைல்ல வண்டி தூங்கிட்டே போகும்,” என்றார். என் மகன் நடுவழியாக 3.307 என்றான். நான் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பழைய வண்டியில் முன்பிருந்தவர் எதை மாற்றினார் என்று யார் கண்டது? பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மகன் ஒரு சக்கரத்தையும் நான் மறு சக்கரத்தையும் ஒன்றாகப் பத்துச் சுற்றுச் சுற்றினோம். கணவர் கீழே குனிந்து ஷாஃப்டில் போட்ட சாக்கட்டிக் கோட்டை எண்ணினார். முப்பத்தொன்பதும் கொஞ்சமும். 3.909-தான்.

பிறகு டயர். டயரின் தரையில் படும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு, தரையிலும் ஒரு கோடு. வண்டியை மெல்ல உருட்டி, கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தைத் தையல் டேப்பால் அளந்தேன். 1 மீட்டர் 74 சென்டிமீட்டர். இந்த வண்டிக்கு முதலில் வந்த 165 அளவு டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1 மீட்டர் 88 ஓட வேண்டும். முந்தைய சொந்தக்காரர் அழகுக்காக அகலமும் குட்டையுமான டயர்களைப் போட்டிருந்தார். குட்டை டயர் என்றால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று. வேகமானி கியர் பெட்டியிலிருந்து ஓடுவதால், சக்கரம் எவ்வளவு பெரியது என்பது அதற்குத் தெரியாது. அதுவும் எங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. சரியான டயருக்குத் திரும்பினாலே எட்டு சதவிகிதம் வித்தியாசம். 3.909 பின்னச்சு 3.6 போல நடந்துகொள்ளும். 3.7-ஐத் தேடி அலைவதைவிட இது மேல். டயர்களோ எப்படியும் பழசாகி மாற்ற வேண்டியவை. மாற்றினோம். எழுபது மைலில் எஞ்சின் சுற்று 3460-லிருந்து 3200-க்கு இறங்கியது.

இருந்தாலும் கணவர் தம் 3.07-ஐ விடவில்லை. கணக்குப்படி அது எழுபது மைலில் 2510 சுற்றுத்தான். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அந்தச் சுற்றில் வண்டியை இழுக்குமா? மெதுவாகச் சுற்றுகிற எஞ்சின் இழுக்க முடியாமல் திணறினால், கியரைக் குறைக்கத்தான் வேண்டும். அப்போது அந்த நீளமான ஐந்தாம் கியர், பரணில் வைத்த பித்தளைப் பாத்திரம்போல. இருக்கிறது என்ற பெருமை மட்டும்.

இதைச் சோதிக்கப் பின்னச்சை வாங்கிப் பூட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இப்போதுள்ள 3.909-ல், ஐந்தாம் கியரில், 55 மைல் வேகத்தில் போனாலும் எஞ்சின் அதே 2510 சுற்றில்தான் சுற்றும். அந்த வேகத்தில் மேட்டில் ஏறிப் பார்த்தால் போயிற்று. இந்த ஏற்பாடு 3.07-க்குச் சலுகை காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் மடிப்பில் ஏறுகிறது. எழுபது மைலுக்கு வேண்டியதில் பாதிதான் ஐம்பத்தைந்துக்கு வேண்டும். 3.909-க்கு இழுவையும் கூடுதல். இத்தனை சலுகையோடும் தோற்றால், பிறகு பேச்சில்லை.

மான்செஸ்டர் பக்கமிருந்து யார்க்ஷயருக்கு மலைமேல் வரும் எம்62 நெடுஞ்சாலை, கடல் மட்டத்திலிருந்து 372 மீட்டர் உயரம் ஏறுகிறது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் அதுவே உச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராச்டேல் பக்கம் போய்த் திரும்பி, லாரிகளின் வரிசையில், கைபேசியின் வேகக் கணக்கை வைத்துக்கொண்டு 55-ல் ஏறினோம். கணவர் ஓட்டினார். நான் சுற்றுமானியைப் பார்த்தேன். பாதி மேட்டில் ஆக்சிலரேட்டர் தரையைத் தொட்டுவிட்டது; முள் 2500, 2400, 2300 என்று இறங்கியது. வண்டி முழுதும் ஒரு நடுக்கம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் ஒன்றும் பேசாமல் நாலாம் கியருக்கு மாற்றினார். முள் 3000-ஐத் தாண்டியதும் வண்டி மறுபடி சிங்கமாகிவிட்டது.

“வி8-க்கு எஞ்சின் ரெண்டு மடங்கு,” என்றார் சற்று நேரம் கழித்து. “அது இழுக்கும்.”

“இழுக்கும்,” என்றேன். “நம்மகிட்ட இருக்கறது அது இல்லீங்க.”

3.307-க்கு எழுபது மைலில் 2700 சுற்று. சமவெளியில் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் ஷெஃபீல்டைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மேடுதான். எனக்கு முதல் கியரும் முக்கியம். ஐந்து கியர் பெட்டியின் முதல் கியர் 3.65. அதை 3.909-ஆல் பெருக்கினால் 14.27. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களின் முதல் கியர் 3.64, ஆபிங்டன்காரர்களே தந்த பெருக்கத்தொகையும் ஏறக்குறைய இதேதான். 3.07-ஆக இருந்தால் 11.2-க்கு இறங்கிவிடும். மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்ப, சோம்பேறி எஞ்சினை உறுமவிட்டுக் கிளட்சைப் பாதி மிதித்துப் பிடிக்க வேண்டும்; கிளட்ச் கருகும் வாசனை வரும். இருபத்தைந்து வயது இளைஞன் அதை ரசிப்பான். ஐம்பத்தெட்டு வயதில், பக்கத்தில் பார்வை மங்கிய கணவரை வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு வேன் ஒட்டி நிற்கும்போது நான் ரசிக்கமாட்டேன். இதை அவரிடம் இப்படியே சொன்னேன். “நாளைக்கு ஓட்டப்போறது நான்தானே?” என்பதை மட்டும் சொல்ல ஒரு வாரம் பிடித்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரி, 3.9-யே இருக்கட்டும்,” என்றார்.

அதிகமாகச் செய்யப்பட்டது 3.909 என்பதால் தேயாத பழைய பின்னச்சு ஒன்று மலிவாகக் கிடைத்தது. புதுக் கிரவுன்-பினியன் விலையில் பாதிகூட இல்லை. பல்லை மட்டும் வாங்கிப் பழைய கூட்டில் பொருத்துவது சாமானிய வேலையல்ல. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், இரு பற்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து, பல்லில் சாயம் தடவிச் சுழற்றி, பதிவு நடுவில் விழுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி பிரிக்க வேண்டும். ஒன்றாகவே ஓடிப் பழகிய ஜோடியை முழு அச்சாக மாற்றுவதே மேல் என்றார் மெக்கானிக். இரண்டு சனிக்கிழமைகளில் வேலை முடிந்தது. மிச்சப் பணத்தில் தரைக்கும் எஞ்சின் சுவருக்கும் ஒலியடக்கும் கம்பளி வாங்கி ஒட்டினோம். அதைக் கத்தரித்ததும் தைத்ததும் நான்.

2023 ஆகஸ்டில் லேக் மாவட்டத்துக்குப் போனோம். அங்கே ஹார்ட்நாட் கணவாய் என்று ஒன்று உண்டு; 393 மீட்டர் உயரம், சில வளைவுகளில் மூன்றுக்கு ஒன்று என்ற செங்குத்து. ரோமானியர் கட்டிய கோட்டையின் சுவர்கள் இன்றும் அதன் சரிவில் நிற்கின்றன. நெடுஞ்சாலையில் அவர் ஓட்டினார். மலையடிவாரத்தில் இறங்கிச் சாவியை என்னிடம் கொடுத்தார். மூன்றாம் வளைவில் எதிரே ஒரு வண்டி வந்ததால், அந்தச் செங்குத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கைப்பிரேக்கை விட்டு முதல் கியரில் கிளட்சை எடுத்தேன். எழுந்து நடப்பதுபோல வண்டி கிளம்பியது. அவர் வலப்பக்கத்துப் பள்ளத்தில் ஏதோ ஆடு நிற்பதைக் காட்டி, அதன் கொம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கத்தாமலே பேசினார், நான் எல்லாவற்றையும் கேட்டேன்.