பேரேட்டின் பின்பக்கம்: பர்மா அணி பற்றிச் சில குறிப்புகள்

காரைக்குடியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்காரர் "நம்ம டீமு" என்று ஆரம்பித்தார். இந்தியாவைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "பாங்காக்குல நாம ரெண்டு கோல் போட்டோம்ல, இந்தியாவுக்கு" என்றதும்தான் விளங்கியது. அவருடைய "நாம" பர்மா. 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து அரையிறுதி ஆட்டம் அது. பர்மா 2, இந்தியா 0. இவரோ 64-லேயே கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியவர். ஆறு வருஷம் கழித்து நடந்த ஆட்டத்திலும் அவருக்குப் பர்மாதான் "நாம". இன்றைக்கும் அப்படித்தான்.

பேசிக்கொண்டே அவித்த முட்டையைக் கீறி, வதக்கிய வெங்காயமும் பொரித்த பூண்டும் திணித்து, மேலே புளித்தண்ணீர் விட்டுக் கையில் கொடுத்தார். இரண்டு கோலும் எப்படி விழுந்தன என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு பாத்தா? பேப்பர்ல படிச்சதுதான்" என்றார்.

*

நேமத்தான்பட்டி வீட்டில் அப்பாவைப் பெற்ற ஐயா விட்டுப்போன பேரேடு ஒன்று இருக்கிறது. பாதிக்கு மேல் வெற்றுத்தாள். அதன் பின்பக்கத்தில் பர்மா அணிக்கு ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன், இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று என்று.

வரவில் முதல் வரி 1954, மணிலா ஆசிய விளையாட்டில் வெண்கலம். பிறகு பத்து வருஷம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. 1964-இல் கோலாலம்பூரில் மெர்டேக்கா கோப்பை. 1965-இலிருந்து 1973 வரை தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டில் தொடர்ந்து ஐந்து தங்கம், அதில் முதலாவது தாய்லாந்தோடு பங்கு. 1966-இல் பாங்காக்கில் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம். 1970-இல் மறுபடி பாங்காக், மறுபடி தங்கம். தென்கொரியாவோடு ஆடிய இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் விழாததால் அதுவும் பங்குதான். நடுவில் 1967, 1971 இரண்டு மெர்டேக்கா. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்.

எட்டு ஒன்பது வருஷத்தில் பக்கம் நிறைந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் எழுத 1993, 2007, 2015 மூன்று வெள்ளிதான் கிடைத்தது, அதுவும் தென்கிழக்கு ஆசிய அளவில். நொடித்துப்போன மார்க்கா ஒன்றின் கணக்கைப் பார்ப்பதுபோல் இருந்தது.

*

எங்கள் ஐயா பர்மாவில் பெகுவுக்கு, வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாகப் போனவர். மூன்று வருஷக் கணக்கு, பிறகு ஊர், பிறகு மறுபடி கப்பல். கடைசி முறை கப்பல் கிடையாது. 1942-இல் காட்டு வழியாக நடந்து வந்தார். வரும்போது மிஞ்சியது ஒரு அரக்குச் செப்பு. அதில் அப்பத்தா பாக்கு வைத்திருந்தாள்.

ஃபுட்பால் பார்த்திருக்கிறீர்களா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கிட்டங்கியில பேரேடு எழுதுறது யாரு, ஒங்க அப்பனா?" என்றார். ஆனால் சாயங்காலம் தெருமுனையில் சின்லோன் ஆடுவதைப் பார்த்திருக்கிறார். பிரம்பில் பின்னிய பந்து. ஆறு பேர் வட்டமாக நிற்பார்கள். பந்து தரையில் விழாமல் முழங்காலிலும் குதிகாலிலும் உள்ளங்காலிலும் தட்டித் தட்டி மேலேயே வைத்திருப்பார்கள். காலில் படும்போது 'டொக்' என்று காலிப்பெட்டியைத் தட்டுவதுபோல் சத்தம் வருமாம். எதிரணி கிடையாது, புள்ளி கிடையாது. "யாரு செயிச்சா, யாரு தோத்தான்னே தெரியாது. நட்டமும் இல்ல லாபமும் இல்ல. அது என்னடா ஆட்டம்?" என்பார். வட்டிக் கணக்கு எழுதிய கை அது, வேறெப்படிக் கேட்கும்!

பர்மாக்காரர்களின் கால் பழக்கத்துக்குச் சின்லோன் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம். ரங்கூனில் கால்பந்தை முதலில் உருட்டிவிட்டவர் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து வாத்தியார். 1879, செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. அவர் சொல்லிக்கொடுத்தது விதிகளைத்தான் இருக்கும். பந்தைக் காலில் நிறுத்தி வைக்கும் வித்தை அங்கே தெருவிலேயே கிடந்தது.

*

கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில் எங்கள் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் அது 25 பங்கு. அரிசி விலை விழுந்ததும் கடனுக்கு ஈடாக வயல் வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவிக்கப் போனவர்கள் நிலக்காரர்களாக நின்ற கதை இதுதான். அங்கே நம்மேல் கோபம் ஏன் என்று இங்கே திண்ணையில் உட்கார்ந்து கேட்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்.

*

1964 பற்றித் தனியாக எழுதவேண்டும்.

அதற்கு முந்திய வருஷமே வங்கிகளைப் பர்மாவின் நே வின் ராணுவ அரசு எடுத்துக்கொண்டாயிற்று. 64 மார்ச்சில் ரங்கூன் கடைகள். மே 17-ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. லட்சக்கணக்கில் இந்தியர்கள் கிளம்பினார்கள். அதில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். காரைக்குடியில் பர்மா காலனி இருப்பதும், மெட்ராஸ் கடற்கரை ரயிலடி எதிரே பர்மா பஜார் வந்ததும் இதனால்தான்.

அதே வருஷம் கோலாலம்பூரில் மெர்டேக்கா இறுதி ஆட்டம். பர்மாவுக்கு எதிரே நின்றது இந்தியா. ஜெயித்தது பர்மா. இத்தனைக்கும் இந்தியா அப்போது சாதாரண அணி இல்லை. 1962 ஜகார்த்தாவில் தங்கம் வாங்கிய கையோடு, 64-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் வந்திருந்தது.

இதைக் கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கு அப்போது பதினான்கு வயது. "கேம்புல இருந்தோம்ணே. துறைமுகத்துல ஆத்தா தோடு, மூக்குத்தி எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துட்டு மஞ்சக்கயிறோட வந்துச்சு. இங்க வந்து நாலஞ்சு மாசம் அப்பா யாரோடயும் பேசல. ஒரு நா, பொட்டலம் மடிச்ச பேப்பரை விரிச்சுப் படிச்சாரு. பர்மா செயிச்சிருச்சுடான்னாரு. சிரிச்சாரு."

தோற்றது எந்த ஊர் என்று அவர் அப்பாவுக்குத் தெரியும்தானே என்றேன். "தெரியாம என்ன" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு நூடுல்ஸை உதிர்க்கப் போய்விட்டார்.

*

அந்தப் பொற்கால அணியின் பெரிய பெயர் சுக் பகதூர். கூர்க்கா வம்சாவளி. அணித் தலைவராக ஆசியத் தங்கத்தைத் தொட்டவர். வெளியிலிருந்து வந்தவர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிய அதே காலத்தில் நாட்டின் கொடியோடு முன்னால் ஓடியவர் ஒரு நேபாள வழி மனிதர். ஐம்பதுகளில் தொடங்கி 1970 வரை ஆடியிருக்கிறார் என்பதை நினைத்தால் அந்த முழங்கால்களுக்கு ஒரு கும்பிடு.

*

பர்மா கால்பந்து ஏன் விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் ராணுவம் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. நே வின் ஆட்சியைப் பிடித்தது 1962. வரவுப் பக்கத்தில் நான் எழுதிய வரிகளில் மணிலா தவிர மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். கதவு சாத்திய வீட்டிலிருந்து இந்த ஒரு பிள்ளை மட்டும் ஊர் ஊராகப் போய்ப் பரிசு வாங்கி வந்திருக்கிறது.

பதில் வேறு பக்கத்தில் கிடைக்கிறது. ஆசிய இளைஞர் கோப்பையைப் பர்மா ஏழு முறை வாங்கியிருக்கிறது, சில முறை பங்காக. முதலாவது 1961, கடைசி 1970. 61-இலும் 63-இலும் பையன்களாக ஜெயித்த அந்தத் தலைமுறைதான் 66-இலும் 70-இலும் பெரியவர்களாக ஜெயித்தது. விதைநெல் இருந்தது, அறுப்பு வந்தது. 70-க்குப் பிறகு இளைஞர் கோப்பை ஒன்றுகூட இல்லை. 73-க்குப் பிறகு பெரியவர்களுக்கும் தங்கம் இல்லை. பள்ளிக்கூடம், சாப்பாடு, பூட்ஸ் எல்லாம் தேயத் தேய, மூன்று நான்கு வருஷம் பிந்தித்தான் கோல் எண்ணிக்கையில் தெரியும். ராணுவம்தான் காரணம் என்றால், அது தன் கையிருப்பு தீரும்வரை காத்திருந்து கொன்ற காரணம்.

இந்தியாவுக்கும் 1970 வெண்கலம்தான் கடைசி. மூன்றாமிடத்துக்கு ஜப்பானை 1-0 என்று வென்றோம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கம் இல்லை. அந்த ஜப்பான் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று எழுதினால் வயிறு எரியும்.

*

1968 ஆசியக் கோப்பை, ஈரான். ஐந்து அணிகள், எல்லோரும் எல்லோரோடும் ஒரு ஆட்டம். முந்தைய முறை கோப்பை வாங்கிய இஸ்ரேலைப் பர்மா 1-0 என்று சாய்த்தது. சொந்த மண்ணில் ஈரான் பர்மாவை 3-1 என்று வென்று கோப்பையை வைத்துக்கொண்டது. பர்மாவுக்கு இரண்டாமிடம். ஆசியக் கோப்பையின் பிரதான சுற்றுக்குப் பர்மா போனது அந்த ஒரே முறைதான். ஒருமுறை போய் இரண்டாமிடம் வாங்கிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே காணோம்.

*

மியூனிக். சோவியத் யூனியனிடம் 0-1, மெக்சிகோவிடம் 0-1, சூடானை 2-0. சோவியத்துக்கு எதிராக ஒரே ஒரு கோல் வாங்கியது சின்ன விஷயமில்லை.

அங்கே இன்னொரு அணியும் இருந்தது, மலேசியா. அதன் தலைவர் எம். சந்திரன். எங்கள் பக்கத்து வளவுக்காரர்களுக்குக் கடை மலாயாவில். அவர்கள் வீட்டில் பர்மா பேச்சே எடுபடாது. சந்திரன், கோல்கீப்பர் ஆறுமுகம், 2010-இல் பயிற்சியாளராக இருந்து தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வாங்கிக்கொடுத்த கே. ராஜகோபால் என்று ஒரே மலேசியப் புராணம். மலேசியா அமெரிக்காவை 3-0 என்று அடித்ததை நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். (மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் வாங்கியதைச் சொல்லமாட்டார்கள்.) ஆக, ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கும் ஒலிம்பிக்கில் ஆளுக்கொரு அணி இருந்தது. இந்தியா அந்த ஒலிம்பிக்கிலேயே இல்லை. ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல் 1960 ரோமில், பெருவுக்கு எதிராக. அடித்தவர் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தரராஜ்.

பர்மாவின் பயிற்சியாளராக அந்தக் காலத்தில் இருந்தவர் பெர்ட் ட்ரவுட்மன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய், பிரிட்டனில் போர்க்கைதி, பிறகு மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்தது தெரியாமல் ஆடி முடித்தவர். மேற்கு ஜெர்மனி அவரை ரங்கூனுக்கு அனுப்பியது. ஐயா இருந்திருந்தால் "அவரும் கொண்டுவிக்கப் போனவருதான்" என்றிருப்பார்.

*

2017 மார்ச் 28, யாங்கூன் (பழைய ரங்கூன்). ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. தொண்ணூறாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி ஒரு கோல். இந்தியா 1-0. அந்த மண்ணில் இந்தியா ஜெயித்து 64 வருஷம் ஆகியிருந்தது. முந்தைய வெற்றி 1953. இந்தியா, பர்மா, இலங்கை, பாகிஸ்தான் ஆடிய நால்வர் கோப்பை அந்த வருஷம் ரங்கூனில் நடந்தது. அந்தப் போட்டி மாறிமாறி நடந்த ஊர்கள் கொழும்பு, ரங்கூன், கல்கத்தா, டாக்கா. பெயர்களைப் படித்தால் கப்பல் கம்பெனிக் கால அட்டவணை மாதிரி இருக்கிறது.

அத்தோ கடையில் மறுநாள் முகம் சரியில்லை. "கடைசி நிமிசத்துலயா போடுவானுக" என்றார். பிறகு, "சேத்ரியும் கூர்க்கா வகைதான்ல" என்று தானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார்.

*

பற்றுப் பக்கத்தில் இரண்டு வரி.

2011 ஜூலையில் ரங்கூனில் ஓமனோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் வீசியதில் ஆட்டம் பாதியில் நின்றது.

2021 மே 28, ஜப்பான். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம்தான். நாட்டில் மறுபடி ராணுவம் புகுந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜப்பான் 10, மியான்மராகிவிட்ட பர்மா 0. ஆட்டத்துக்கு முன் தேசியகீதம் ஒலிக்கும்போது மாற்றுக் கோல்கீப்பர் ப்யே லியான் ஆங் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். எதிர்ப்பின் அடையாளம் அது. அணி திரும்பியபோது அவர் விமானம் ஏறவில்லை, ஜப்பானிலேயே அடைக்கலம் கேட்டார், கிடைத்தது.

பத்து கோலையும் எந்தப் பக்கம் எழுதுவது என்று குழப்பமில்லை. அந்த மூன்று விரலை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் வரியை விட்டுவைத்திருக்கிறேன்.

*

கண்மாய்ப் பொட்டலில் சாயங்காலம் பையன்கள் ஆடுகிறார்கள். அநேகம் பேர் முதுகில் மெஸ்ஸி, இரண்டு ரொனால்டோ. ஒருவன் மட்டும் பெங்களூரு நீலச் சட்டை. கண்டனூர் சிவசக்தி பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது. இந்தப் பக்கத்துப் பையன், 2022 டுராண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூருக்கு முதல் கோல் போட்டவன். பர்மா ஒரு காலத்தில் ஆசியாவிலேயே முதல் என்றேன். "எந்த பர்மா தாத்தா, பஜாரா?" என்றான் நீலச்சட்டை.

வடக்குப் பக்கக் கோலுக்கு இரண்டு மரச்சட்டம் நட்டிருக்கிறார்கள். மேலத்தெருவில் இடித்த வீட்டுச் சாமான் லாரியில் ஏறியபோது தப்பிக் கிடந்தவை. வலைக்கு ஆணி அடிக்கப் பார்த்து மூன்று ஆணி வளைந்து, பிறகு சணலால் கட்டியிருக்கிறார்கள். பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வண்டியை நிறுத்தி, சட்டத்தை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டும் என்ன விலை?" என்றார். கோல்கீப்பர் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்து வந்துகொண்டிருந்தது.