ஒரு வெள்ளாடும் ஒரு முந்திரிப்பருப்பும்

ரிட்டயர்டு ஆன டிராயிங் மாஸ்டர்கள் காசிக்குப் போவார்கள். இல்லையென்றால் காலையில் வாக்கிங் போவார்கள். நான் சென்னையிலிருந்து எலெக்ட்ரிக் சைக்கிளில் கன்னியாகுமரிக்குக் கிளம்பினேன். பாதி தூரம் போனேன். மீதியை ஒரு வெள்ளாடு ரத்து செய்துவிட்டது!

முதலில் வண்டியைப் பற்றி. நாம் பெடலை மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து மிதிக்கும். 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்றால் நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். என் பாட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர். ஒரு சார்ஜுக்கு 45 கிலோமீட்டர் ஓடியது. மறுபடி சார்ஜ் ஏற ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு ஊர், ஒரு லாட்ஜ், ஒரு ப்ளக் பாயிண்ட் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்வலம். டீக்கடைக்கு டீக்கடை ஒரே கேள்வி. "இது என்ன மைலேஜ் தரும் ஸார்?"

"காலையில சாப்பிட்ட தோசையைப் பொறுத்தது" என்பேன்.

2024 பிப்ரவரி, எட்டாம் நாள். திருத்துறைப்பூண்டி தாண்டி முத்துப்பேட்டை ரோடு. அறுவடை சமயம், பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லைத் தின்ன வந்த ஆட்டை ஒரு அம்மாள் "ஏய்!" என்று விரட்ட, அது நேரே என் முன் சக்கரத்துக்குக் குறுக்கே பாய்ந்தது. மணி அடித்தேன், பிரேக் பிடித்தேன். சக்கரம் நெல்லில் வழுக்க, வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றியபடி விழுந்தேன். ஆட்டுக்குச் சேதமில்லை.

கூட்டம் கூடியது. சோடா வந்தது. "வெறும் சுளுக்குதான். ஒரு இழு இழுத்தா சரியாப் போயிடும்" என்று ஒரு பெரியவர் கையைப் பிடிக்க வந்தார். வீக்கம் அதிகமில்லை, விரல்களும் மடங்கின. ஆனாலும் 34 வருஷம் கரும்பலகையில் மயில் வரைந்த கையாயிற்றே! நாசூக்காக இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பையன். கட்டை விரலை நன்றாக விரித்துத் தூக்கச் சொன்னார். அப்படித் தூக்கினால் விரலுக்கு அடியில், மணிக்கட்டு ஓரமாக ஒரு சின்னக் குழி விழும் பாருங்கள்... அங்கே ஒரு அழுத்து அழுத்தினார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"இந்தக் குழிக்கு இங்கிலீஷ்ல மூக்குப்பொடி டப்பான்னு பேர் ஸார்" என்றார் சாவகாசமாக. அந்தக் காலத்தில் பொடியை அதில் கொட்டித்தான் உறிஞ்சுவார்களாம்!

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எனக்கு நிம்மதி. அவருக்கு இல்லை. "குழிக்கு அடியில முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு எலும்பு இருக்கு, ஸ்கேஃபாய்டுன்னு பேரு. அதுல விரிசல் விட்டா முதல் படத்துல பல சமயம் தெரியாது. கட்டுப் போட்டு விடறேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுங்க."

எடுத்தேன். மெல்லிய பென்சில் கோடு மாதிரி ஒரு விரிசல்! இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் பெரும்பாலும் ஒரு முனை வழியாகத்தான் வருகிறதாம். சுளுக்கு என்று விட்டால் எலும்பு கூடாமலே போய், மணிக்கட்டே தேய்ந்துபோகலாம். மயிலுக்குத் தோகை போடுவது அத்தோடு சரி. எட்டு வாரம் மாவுக்கட்டு. இடது கையில் ஸ்பூன் பிடித்து ரசம் சாதம் சாப்பிட்ட நாட்களில் ஏகலைவனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சாமான்கள் விஷயத்துக்கு வருவோம். கையுறை போட்டிருந்ததால் உள்ளங்கை உரியவில்லை. ஆனால் கையுறை தோலைத்தான் காக்கும், எலும்பைக் காக்காது. ஹெல்மெட்டில் வெளியே ஒரு கீறல்தான். உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருந்தது. பலமான அடி ஒன்று வாங்கிவிட்டால் ஹெல்மெட்டுக்கும் ரிட்டயர்மெண்ட்தான். அழகாக இருக்கிறதே என்று மறுபடி மாட்டக் கூடாது. பின் சக்கரத்துக்குள் மோட்டார் இருப்பதால், பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்ற என் வண்டிக்கு 18-ம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அது நம் பையிலேயே இருப்பது உத்தமம்.

விழுந்த பிறகு மோட்டார் ஓடவே இல்லை. பாட்டரி காலி என்று ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். சைக்கிள் கடைப் பையன் மட்டும் வளைந்திருந்த பிரேக் லீவரைப் பார்த்தான். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்த அதில் ஒரு ஸ்விட்ச் உண்டு. லீவர் முழுசாகத் திரும்பாததால், 'மாஸ்டர் இன்னும் பிரேக்கை விடவில்லை' என்று மோட்டார் மரியாதையாகக் காத்திருந்திருக்கிறது! லீவரை நிமிர்த்தினான், ஓடியது. பிறகு சைக்கிளும் நானும் குட்டி யானையில் சென்னை திரும்பினோம்.

இப்போது கை சௌக்கியம். கோடு நடுங்குவதில்லை. மிச்ச ரோடு அங்கேயேதான் இருக்கிறது; எங்கே போய்விடும்?

நீங்கள் கிளம்பினால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கை ஊன்றி விழுந்தால், வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்குமுன் அந்த மூக்குப்பொடிக் குழியை அழுத்திப் பாருங்கள். வலித்தால் நேரே டாக்டரிடம் போங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று யார் வந்தாலும் கையைக் கொடுக்காதீர்கள்... வருகிறவர் சம்பந்தியே ஆனாலும் சரி!