கத்தியில் படிஞ்ச செம்பு

பிளஸ் டூ வேதியியல் பரீட்சை முடிஞ்சு, பேரிகை பஸ் ஸ்டாப்பிலேயே பசங்க கொஸ்டின் பேப்பரை விரிச்சு விடை ஒத்துப் பார்த்தாங்க. ஒரு மார்க் கேள்வி 15. அதுல மூணு தப்புன்னு தெரிஞ்சதும் என் மகன் முகம் செத்துப்போச்சு. மதியம் சாப்பிடவே இல்லை.

சாயங்காலம் தக்காளிக்கு போர்டோ கலவை போட்டேன். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படிஞ்சிருந்தது. அப்படியே அடிச்சா இலை கருகிடும்.

"சுண்ணாம்பு பத்தலடா."

உத்துப் பார்த்தான். "அப்பா, இரும்பு கரைஞ்சு செம்பை வெளியே தள்ளுது. இதைத்தான் மாத்தி எழுதிட்டேன்!"

இருபது வருஷமா கத்தியை முக்குறேன். காரணம் அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

மீதி சுண்ணாம்பை அவனே கரைச்சு ஊத்தினான். ராத்திரி ரெண்டு தடவை சோறு கேட்டான்.