ஓதம் தாங்கும் படகுகள்

பலமனேர் மலைப்பகுதியிலிருந்து இறங்கிக் குடியாத்தம் வழியாகப் பாலாற்றைச் சேரும் கௌண்டின்ய நதியில் மழைநாள்கள் நீங்கலாக மணலே மிகுதி. அத்தகைய ஆற்றில் துடுப்புப் படகுக் கழகம் வேரூன்ற இயலாது. 1867இல் நிறுவப்பெற்ற மெட்ராஸ் போட் கிளப்புக்கு அடையாற்றின் கழிமுகம் வாய்த்தது. 42 கிலோமீட்டர் நீளமே உள்ள அச்சிற்றாற்றில் மேலிருந்து நீர்வரத்து குன்றும் மாதங்களிலும் கடலின் ஓதம் படகுகளை மிதக்கவைக்கும்.

1858இல் தோன்றிய கல்கத்தா ரோயிங் கிளப் இதற்கு மூத்தது. கொழும்பு ரோயிங் கிளப்புடனான போட்டி 1898இல் தொடங்கியது. ஐரோப்பியரின் பொழுதுபோக்காக இருந்த கழகம் இந்தியருடையதாகிவிட்ட பின்னரும் அப்போட்டி தொடர்கிறது. நகரவாசிகள் பலருக்கோ ‘போட் கிளப்’ என்றதும் நினைவுக்கு வருவது அப்பகுதியின் மனை விலைதான்!

தமிழில் துடுப்பு என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கிறது. ஆயினும், கனூ செலுத்துபவர் முன்னோக்கி அமர்வார். பந்தயப் படகு வலிப்பவர் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார். எண்மர் வலிக்கும் படகு ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுடையது. ஒன்பதாமவர் சுக்கான் பிடித்து வழிகாட்டுவார். ஒற்றையர் படகில் அந்தத் துணையும் இல்லை. அதன் எடை விதிப்படி 14 கிலோவுக்குக் குறையலாகாது. ஒருவரே தூக்கிச் சென்று நீரில் இறக்கிவிடலாம். அவ்வளவு மெல்லிய ஓட்டைக் கிழிக்க மிதந்துவரும் ஒரு கட்டை போதும்.

கொட்டகையும் படகுகளும் கழகத்தின் பொறுப்பில் உள்ளன. ஆறு அப்படியன்று. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைக்கும்போது ஓதம் உட்புகாது. நகரத்தின் கழிவுநீர் தேங்கிக் கறுக்கும். படகு வலிப்பவர் அன்றைய பயிற்சியைக் கைவிடலாம். முகத்துவாரத்தில் வலைவீசி வாழும் மீனவர்க்கு அந்த வசதி இல்லை. இழப்பில் முதற்பங்கு அவர்களுடையதே. 2015 டிசம்பரிலோ இதே ஆறு கரைகளை விழுங்கியது. அப்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் எந்திரங்கள் வந்து முகத்துவாரத்து மணலை அள்ளுகின்றன. ஓதம் மீண்டும் உள்ளே வருகிறது, படகுகள் இறங்குகின்றன; அலைகளோ மறுபடியும் மணலைச் சேர்க்கத் தொடங்குகின்றன.