கைப்பிடி அரிசியும் கடன் தவணையும்



பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை விழுந்த வாரங்களில் நமது காணிக்கைப் பையும் இலேசாகிவிடும். கணக்கு நோட்டைப் பார்க்காமலே இதை நான் அறிவேன். மாசி, பங்குனியில் புளி, சித்திரைக்குப் பின் மாம்பழம், இடையிடையே பட்டுக்கூடு, ஒன்றுமில்லாத மாதங்களில் பெங்களூருக் கட்டட வேலை. இப்படித்தான் நம்மில் பெரும்பாலோரின் வீட்டுக்குப் பணம் வருகிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே தசமபாகத்தைக் குறித்து நகரத்துச் சபைகளில் பேசப்படும் பிரசங்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பேச எனக்கு மனம் வருவதில்லை.

சென்ற மாதம் ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: “ஐயா, பறிப்புக் கூலிக்கே கட்டாத தக்காளிக்கும் தசமபாகம் உண்டா?” அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூலியும் வண்டி வாடகையும் கைக்கு வராத இடத்தில் பத்தில் ஒன்று எதிலிருந்து வரும்? இல்லாததை ஆண்டவர் கேட்பதில்லை. ஒருவனிடத்தில் உள்ளதன்படியே அவனுடைய ஈகை அங்கீகரிக்கப்படும் என்று பவுல் 2 கொரிந்தியர் 8:12இல் தெளிவாக எழுதியிருக்கிறார். இதையே அவரிடம் சொன்னேன்.

தசமபாகம் என்றவுடன் நாம் மல்கியா 3:10க்கு ஓடுகிறோம். உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசி இரு வசனங்களை வாசிக்கிறவர்கள் குறைவு. மூன்றாம் வருஷத்தின் தசமபாகம் அந்தந்த ஊரின் வாசல்களிலேயே வைக்கப்பட வேண்டும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. கொடுக்கிறவனின் தெருவிலேயே அந்தத் தானியம் தங்கிவிடுகிறது. இந்த வசனங்களைக் குறித்து ஒரு வருஷமாக யோசித்து வருகிறேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பிறந்தது நெல்லைச் சீமையில். அடுப்பருகே ஒரு சிறு மண்கலயம் இருக்கும். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் என் தாயார் அதில் ஒரு கைப்பிடி அரிசி போடுவார்கள். அதில் சிறுவனாகிய நான் கவனித்த ஒன்று உண்டு. மூட்டையிலிருந்து தனியே அள்ளிப் போடமாட்டார்கள். அன்றைய சோற்றுக்கென்று படியால் அளந்து முறத்தில் கொட்டியதிலிருந்துதான் எடுப்பார்கள். ஆகவே அந்தக் கைப்பிடி எங்கள் தட்டுகளில் குறைந்தது. ஏழு பேர் உண்ணும் வீட்டில் அது பெரிய குறையல்ல. ஆயினும் குறை குறைதான். மீந்ததைக் கொடுப்பதற்கும் அளந்ததிலிருந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அந்த முறத்தில்தான் கற்றேன். வேதாகமக் கல்லூரிக்குப் போனது அதற்குப் பிறகு.

இந்த வழக்கம் நெல்லைக்கு மட்டும் உரியதன்று. மிசோரம் மலைகளில் பிரஸ்பிட்டேரியன் சபையின் பெண்கள் 1910ஆம் ஆண்டு தொடங்கிய கைப்பிடி அரிசி இன்றும் அந்தச் சபையின் ஊழியத்தைத் தாங்கி நிற்கிறது. தோர்ணக்கல் பேராயராயிருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, நிலமற்ற கூலிகள் நிறைந்த தம் சபைகளிலும் இதனை ஊன்றச் செய்தார். அவர் 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தமிழகக் கரைக்கு ஊழியரை அனுப்பிவருவதைக் கண்டார். மறுவருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அந்நியரின் பணத்தை எதிர்பார்க்காமல் இந்தியரின் கொடையால் நடப்பது என்பதே அதன் உறுதி.

நம் மாவட்டத்துக்கும் இவ்வகையில் ஒரு கடன் உண்டு, வட்டியில்லாத கடன். ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் என்று நாம் அறிந்திருக்கும் இயக்கம், தென்மாவட்டங்களில் கூடிய ஜெபக்குழுக்களிலிருந்து எழும்பியது. அது தன் முதல் மிஷனரியை 1967இல் அனுப்பிய இடம் தருமபுரி மாவட்டத்துப் பெரியமலை. தருமபுரி தனி மாவட்டமாகி அப்போது இரண்டு வருஷமே ஆகியிருந்தது. அந்த ஊழியரின் பராமரிப்புக்கு வெளிநாட்டிலிருந்து காசோலை வரவில்லை. இந்த மலையை ஒருநாளும் பார்த்திராத நம் நாட்டு விசுவாசிகள், தங்கள் வீட்டுச் செலவில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு கொடுத்தார்கள். நாம் பிறர் கொடுத்துப் பெற்ற மக்கள். இதை மறந்துவிட்டு “நாங்கள் ஏழைச் சபை” என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடன்று.

ஆனால் ஏழையின் கொடையை மெச்சும்போது எச்சரிக்கையும் வேண்டும். சில மாதங்களுக்கு முன் நம் சபைச் சகோதரி ஒருவர் பொருத்தனைக் காணிக்கை என்று 5,000 ரூபாயை ஒரு கவரில் வைத்துக் கொண்டுவந்தார். கணவர் இல்லை, கூலி வேலை. எங்கிருந்து வந்தது அம்மா என்று கேட்டேன். குழுக் கடன் என்றார். தொலைக்காட்சியில் ஒரு பிரசங்கியார், விதை விதைத்தால் கடன் தீரும் என்று சொன்னாராம். நான் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இது சபை மூப்பரில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. “ஏழை விதவை இரண்டு காசு போட்டபோது ஆண்டவர் கையைப் பிடித்துத் தடுக்கவில்லையே, ஐயா?” என்று கேட்டார். நல்ல கேள்வி, அன்றிரவு முழுதும் அதை வைத்துக்கொண்டிருந்தேன். அந்த விதவை போட்டது அவளுடையது. தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததைப் போட்டாள். பிறரிடம் வாங்கியதைப் போடவில்லை. குழுக் கடனோ தவணை தவறினால் கூட இருக்கும் மற்றப் பெண்களின் தலையில் விழுவது. அவர்களில் யாரும் பொருத்தனை செய்யவில்லை. மேலும், மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்த விதவையின் காட்சிக்குச் சற்று முன்பே, விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரைக் குறித்து ஆண்டவர் எச்சரித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்கும் எந்தப் போதகனுக்கும் அந்தக் கவர் கையில் சுடும். பெற்றோரைத் தாங்க வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி ஆலயத்துக்குக் கொடுத்துவிடுவதையும் ஆண்டவர் கண்டித்தாரே.

அந்தச் சகோதரி அதன்பின் இரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. காணிக்கையை மறுப்பது சிலருக்குத் தங்களையே மறுப்பதுபோல் தோன்றும் என்பதை நான் அறிவேன். மூன்றாம் ஞாயிறு வந்தார். வீட்டிலிருந்து ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்து பீடத்தருகே வைத்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பேசாமல் கொடுப்பது என்றதும் இந்த மண்ணின் பழைய கதை நினைவுக்கு வருகிறது. தகடூர் என்பது நம் தருமபுரிதான். அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஒளவைக்குக் கொடுத்தான். கனியை அல்ல, அதன் அருமையைச் சொல்லாமல் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்ததையே புறநானூற்றில் ஒளவை வியக்கிறார். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக் கற்றுக்கொண்ட நாம், ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அதன் மூன்று இறக்கைகளிலும் பெயர் எழுதுகிறோம். விசிறி சுழலும்போது யாருக்கும் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல்.

பழைய மொழிபெயர்ப்பு நம்மை உக்கிராணக்காரர் என்கிறது. பண்டகசாலையின் சாவி அவனிடம் இருக்கும், பண்டம் அவனுடையதன்று. பத்தில் ஒன்றைக் கொடுத்தபின் மீதி ஒன்பதும் நம் இஷ்டம் என்று நினைப்பதற்கு அந்தச் சொல் இடந்தரவில்லை. மகளின் கலியாணத்துக்குத் தகுதிக்கு மீறிக் கடன் வாங்குவதும், கூலிக்காரனின் பணத்தைச் சனிக்கிழமை கொடுக்காமல் நிறுத்திவைப்பதும் அந்த ஒன்பதின் கணக்கில் வருகின்றன. சபையும் அப்படியே. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்த இடமிராதபடி சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் உடன் அழைத்துக்கொண்டார். அப்போஸ்தலனுக்கே அது தேவையாயிருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த காரியம். வருகிற அறுப்பின் பண்டிகையில் பூசணி, தேங்காய், சேவல், சாமை என்று நீங்கள் கொண்டுவருவதை வழக்கம்போல் ஏலம் விடுவோம். அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை மதிற்சுவர் கட்டுவதற்குச் சேர்க்காமல், உபாகமம் சொல்லுகிறபடி நம் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சபைக் கமிட்டி முன் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கடன் தவணையில் நெருக்கப்படுகிறவர்களுக்கு வட்டியின்றிக் கொடுத்து, அறுவடையில் திரும்பப் பெறுவது. திரும்ப வராவிட்டால் யாரையும் சபையில் நிறுத்திக் கேளாதிருப்பது. இதை எதிர்க்கிறவர்கள் உண்டு. சுவர் இல்லாமல் ஆடுகள் உள்ளே வருகின்றன என்பது உண்மை. பெயர்களை இரகசியமாக வைப்பது எப்படி, கணக்கை வெளியரங்கமாக வைப்பது எப்படி என்ற கேள்விக்கும் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடந்த வருஷத்தின் வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதன்பின் இந்த யோசனை எடுத்துக்கொள்ளப்படும். சகோதரிகளும் இருந்து பேசும்படி வேண்டுகிறேன். தவணை நாட்கள் என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.