இலவசக் காற்று

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவன் நான். கணக்கு வாத்தியார்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. எந்தச் செலவுப் பட்டியலைக் கண்டாலும் பென்சிலை எடுத்து ஏதாவது ஒரு வரியை அடித்தால்தான் அவர்கள் மனம் ஆறும். அந்த வியாதி ஒரு சமயம் என்னையும் என் தம்பியையும் மலைச்சரிவின் விளிம்பு வரையில் கொண்டுபோய் நிறுத்திற்று.

என் தம்பி மேட்டுப்பாளையத்தில் பழைய டாட்டா மொபைல் 206 பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தான். அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போவான். திரும்பும்போது காரட்டும் முட்டைக்கோசும் கொண்டு வருவான். அவனுடைய குடும்பத்தின் ஜீவனம் அவ்வளவும் அந்த வண்டியின் நான்கு சக்கரங்களில்தான் இருந்தது. சமதரையில் சௌக்கியமாய் ஓடும் வண்டி, மலைப்பாதையில் மட்டும் மூச்சு வாங்கும். அதன் வயது ஒரு காரணம். ஏற்றிய பாரம் மற்றொன்று. மூன்றாவது காரணம் காற்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது. டீசல் எரியாவிட்டால் பலம் ஏது?

2009-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் தம்பி என்னிடம் வந்தான்.

"அண்ணா, வண்டிக்கு டர்போ வைக்கலாமென்று இருக்கிறேன். இதே எஞ்சினுக்குப் பிற்பாடு கம்பெனிக்காரர்களே வைத்திருக்கிறார்கள். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விலை ஏழாயிரம்தான்" என்றான்.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. 1905-இல் ஆல்பிரட் பூக்கி என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர் இதற்குக் காப்புரிமை கோரினார். 1918-இல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்ற எஞ்சினீயர் ஒரு விமான எஞ்சினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோய், மெல்லிய காற்றிலும் டர்போவால் அது பலம் குன்றாமல் ஓடுவதை நிரூபித்தார். வீணாகப் போகும் புகையிலிருந்து இலவசமாக மூச்சுக் கிடைக்கிறது என்றால் எந்தக் கணக்கு வாத்தியாருக்குத்தான் ஆசை வராது? வீட்டில் சேர்த்து வைத்திருந்த 20,000 ரூபாயைக் கொடுக்கச் சம்மதித்தேன்.

பட்டறைக்காரர் எழுதித் தந்த பட்டியலோ 23,000 ரூபாய்க்கு வந்தது. டர்போவைப் பொருத்தும் மேனிபோல்டு, புகைக்குழாய், எண்ணெய் வரும் குழாய், பம்பைச் சரிக்கட்டும் கூலி என்று நீண்டது. நான் பென்சிலை எடுத்தேன். புகையின் உஷ்ணத்தைக் காட்டும் மீட்டரை அடித்தேன். அடுத்து, 'ஆயில் சம்ப் கழற்றித் துவாரமிட்டு, எண்ணெய் திரும்பும் குழாய் வைக்க, 1,200' என்று ஒரு வரி இருந்தது.

"இதற்கு ஒரு பழைய ரப்பர் குழாய் போதாதா?" என்று கேட்டேன்.

"அகலமான குழாயாக, நேரே கீழே இறங்கினால்தான் நல்லது, ஸார்" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

நான் அந்த வரியையும் அடித்தேன்.

முதல் பிரயாணத்தில் நானும் கூடப் போனேன். முன்பு முதல் கியரில் முனகிய வளைவுகளில் வண்டி இரண்டாவது கியரில் ஏறிற்று. தம்பியின் முகத்தில் கண்ட சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் கண்டதில்லை.

மூன்றாவது வாரம் மறுபடி போனேன். பர்லியார் தாண்டியதும் பின்னால் வெண்ணீலப் புகை மண்டியது. தம்பி ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நிற்கவில்லை! சாவி கையில், எஞ்சினோ முன்னைவிட உரக்க, இன்னும் உரக்க, வெறிபிடித்தாற்போல் அலறிற்று. இடது பக்கம் பள்ளத்தாக்கு. "இறங்கி ஓடு, அண்ணா!" என்று கத்தினான். எனக்குக் கால் எழவில்லை. அவன் நான்காவது கியரைப் போட்டு, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தபடி கிளச்சை விட்டான். வண்டி ஒரு தரம் குலுங்கி அடங்கியது.

பிறகு ஒரு முதிய மேஸ்திரி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து விளக்கினார். டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துதான் அது சுழல்கிறது. அந்த எண்ணெய் கடைந்த மோர் போல் நுரைத்து வெளிவரும். அதைத் தள்ளிவிட அழுத்தம் கிடையாது. தானாகவே கீழே வடிய வேண்டும். நான் வைக்கச் சொன்ன குறுகலான ரப்பர் குழாய் நடுவில் தொய்ந்து எண்ணெயைத் தேக்கிவிட்டது. தேங்கிய எண்ணெய் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் புகுந்தது. டீசலை நிறுத்திய பிறகும் எஞ்சின் அந்த எண்ணெயையே குடித்து ஓடியிருக்கிறது.

எஞ்சினைப் பழையபடி ஆக்க 28,000 ரூபாய் ஆயிற்று. ஒரு மாதம் தம்பிக்கு வருமானம் இல்லை. தயாரித்தவர் குறித்த அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது என்பதையும் அப்பொழுதுதான் அறிந்தேன். 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்தியது. தம்பி பழைய எஞ்சினோடேயே, மூட்டைகளைக் குறைத்து ஏற்றிக்கொண்டு, சில வருஷம் ஓட்டினான். பிறகு கம்பெனியிலேயே டர்போ வைத்து வந்த வண்டியைத் தவணையில் வாங்கினான்.

யார் கேட்டாலும், "எண்ணெய்க் குழாய் சரியில்லை" என்று மட்டுமே அவன் சொல்வான். யார் அடித்த வரி அது என்று இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் நான் இங்கே சொல்கிறேன்.

அந்த டர்போ என் மேஜைமேல் இருக்கிறது. மாணவர்கள் வாயால் ஊதினாலே அதன் சக்கரம் சுழலும். "இதன் விலை என்ன, ஸார்?" என்று கேட்பார்கள். சக்கரத்தை விட்டு, அடியில் இருக்கும் எண்ணெய்த் துவாரத்தைக் காட்டி, "இதற்கு மட்டும் 1,200 ரூபாய், அதை நான் கொடுக்கவில்லை" என்பேன்.